நாலு சக்கர வீட்டில் நல்ல காப்பி

மின்சாரம் கொஞ்சம், மணம் நிறைய!

காலையில் கண் விழித்ததும் ஒரு டம்ளர் காப்பி தொண்டையில் இறங்காவிட்டால் நம்மில் பலருக்குப் பொழுதே விடிவதில்லை. பால் வெட்டப் போகிறவர்களானாலும் சரி, செம்பனைக் காட்டில் குலை தள்ளப் போகிறவர்களானாலும் சரி, இருட்டோடு எழுந்து அடுப்பில் தண்ணீர் வைப்பதுதான் நம் வீடுகளில் நாளின் முதல் வேலை. போத்தலில் வரக்காப்பியை ஊற்றிக்கொண்டு காட்டுக்குப் போகிற வழக்கத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் காப்பியை வீட்டில் போடாமல், ஓடுகிற வண்டியிலேயே அமைந்த ஒரு வீட்டில் போடவேண்டி வந்தால் எப்படி? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் ‘மோட்டார் ஹோம்’ என்ற வீட்டு வண்டிகள் நெடுங்காலமாகவே ஓடுகின்றன. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறு குளிர்பெட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். இன்று நம் நாட்டிலும் பழைய வேனை வாங்கிப் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, பலகை அடித்துப் படுக்கை போட்டுக்கொள்ளும் இளைஞர்களைப் பார்க்கிறோம். பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்கும் போர்ட்டிக்சன் கடற்கரைக்கும், தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும் குடும்பத்தோடு வேனில் போய், இரண்டு மூன்று நாள் அதிலேயே தங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். பட்டணத்தில் வேலை பார்க்கும் உங்கள் மகனோ மருமகனோ நாளைக்கே அப்படி ஒரு வண்டியோடு வாசலில் வந்து நிற்கலாம்.

அப்படி வந்து நிற்கும்போது, “அம்மா, மின்சாரக் கேத்தல் இருக்கிறது, காப்பி இயந்திரம் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது. நீங்கள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம்” என்று அவன் சொன்னால், உடனே நம்பிவிடாதீர்கள்! முதலில் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பிறகு வண்டியில் ஏறுங்கள்.

பேட்டரி என்பது ஒரு தண்ணீர்த் தொட்டி

வீட்டில் சுவிட்சைத் தட்டினால் மின்சாரம் வருகிறது. அது ஆற்று நீரைப் போல வந்துகொண்டே இருக்கும். வீட்டு வண்டியில் அப்படி இல்லை. அங்கே இருப்பது ஒரு பேட்டரி. அது ஆறு அல்ல, தொட்டி. பகலில் நிரப்பியதைத்தான் இரவில் மொள்ள முடியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

அந்தத் தொட்டி எவ்வளவு பெரியது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நாலாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

வண்டிகளில் வைக்கும் பேட்டரி 12 வோல்ட். அதன் மேல் ‘100 ஏ.எச்.’ என்று எழுதியிருந்தால், இரண்டையும் பெருக்குங்கள். 1,200 வருகிறது. இதை வாட்-மணி என்பார்கள். ஆனால் ஈயமும் அமிலமும் கொண்ட சாதாரண பேட்டரியை அடிவரை வடித்தால் அது சீக்கிரம் கெட்டுப்போகும். பாதியோடு நிறுத்திக்கொள்வதுதான் அதற்கு நல்லது. ஆக, நம் கைக்குக் கிடைப்பது 600 வாட்-மணி. விலை கூடிய லித்தியம் பேட்டரியாக இருந்தால் இதைவிட அதிகம் எடுக்கலாம். ஆனாலும் அதுவும் தொட்டிதான்.

இப்போது செலவுக் கணக்கு. நாலு டம்ளர் காப்பிக்கு ஏறக்குறைய 600 மில்லிலிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் குறைந்தது 50 வாட்-மணி தேவை. இது இயற்கையின் சட்டம். எந்தக் கம்பெனியின் கேத்தலாலும் இதைக் குறைக்க முடியாது. பேட்டரியின் 12 வோல்ட்டை நம் வீட்டு மின்சாரத்தைப் போல 230 வோல்ட்டாக மாற்றித் தருவதுதான் இன்வெர்ட்டர் என்னும் பெட்டி. அதில் வீணாவதையும், கேத்தலின் உடம்பு சுடுவதையும் சேர்த்தால் 65 வாட்-மணி ஆகிவிடும். காலை, மாலை, இரவு என்று மூன்று வேளை காப்பி போட்டால் 195.

‘600-ல் 195 போனால் என்ன, மீதி இருக்கிறதே’ என்று நினைக்கிறீர்களா? வண்டியில் இருக்கும் சிறு குளிர்பெட்டி ஒரு நாளைக்கு 360 வாட்-மணி அளவுக்கு எடுத்துக்கொள்ளும். இரண்டையும் கூட்டுங்கள். 555! தொட்டி காலி. பிள்ளைகளுக்கு விசிறியும் இல்லை, விளக்கும் இல்லை.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். இப்போதைய எல்.இ.டி. விளக்கு ஒன்று 5 வாட்டில் நன்றாக வெளிச்சம் தருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் மின்சாரத்தில் அந்த விளக்கு 20 மணி நேரம் எரியும். இரண்டு இரவுக்கான வெளிச்சம் ஒரு கேத்தல் ஆவியில் போய்விடுகிறது!

அளவைவிட வேகமே ஆபத்து

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. மின்சாரக் கேத்தல் எவ்வளவு எடுக்கிறது என்பது மட்டுமல்ல, எவ்வளவு வேகமாக எடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சாதாரண வீட்டுக் கேத்தல் 2,000 வாட். இதை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டுமானால், இன்வெர்ட்டரின் நட்டத்தையும் சேர்த்து 190 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கம்பியில் பாய வேண்டும். பழைய மாதிரிக் கார் ஒன்றின் இரண்டு முன் விளக்குகளும் சேர்ந்து எடுப்பது 9 ஆம்பியர்தான். ஆகவே ஒரு கேத்தலைப் போடுவது, ஏறக்குறைய இருபது கார்களின் முன் விளக்குகளை ஒரே பேட்டரியில் எரிய விடுவதற்குச் சமம்!

அவ்வளவு மின்சாரம் போக விரல் தடிமனுக்குக் கம்பி வேண்டும். மெல்லிய கம்பியைப் போட்டால் கம்பியே அடுப்பாகிவிடும். மேலும், சாதாரண பேட்டரியிலிருந்து இப்படி வேகமாக உறிஞ்சினால், மெதுவாக எடுக்கும்போது கிடைக்கும் மொத்த அளவுகூடக் கிடைக்காது. சில நூறு வெள்ளி கொடுத்துப் பெரிய இன்வெர்ட்டர் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள், தொட்டி சிறியதாக இருக்கும்போது குழாயை மட்டும் பெரிதாக்குகிறார்கள்.

வண்டியில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகுகிற சிறு கேத்தல்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவை 120 முதல் 150 வாட் வரை எடுக்கும். கம்பிக்கு ஆபத்து குறைவு. ஆனால் அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பிள்ளைகள் அழுது, பெரியவர்கள் கோபித்து, காப்பி ஆசையே போய்விடும்.

காப்பி போடுவதில் நாலு வேலைகள்

சரி, அப்படியானால் வீட்டு வண்டியில் காப்பியே குடிக்கக்கூடாதா? தாராளமாகக் குடிக்கலாம். வீட்டில் குடிப்பதைவிட நன்றாகவே குடிக்கலாம். அதற்கு, எந்த வேலையை எதனிடம் ஒப்படைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காப்பி போடுவதில் நாலு வேலைகள் இருக்கின்றன. கொட்டையை அரைப்பது, தண்ணீரைச் சுடவைப்பது, வடிப்பது, சூடு ஆறாமல் வைத்திருப்பது. இந்த நாலில் மின்சாரத்தை விழுங்குவது இரண்டாவதும் நாலாவதும்தான்.

முதலாவது வேலையான அரைப்பதைப் பலர் பெரிய செலவு என்று நினைக்கிறார்கள். இல்லை! 150 வாட் அரவை இயந்திரம் அரை நிமிடம் ஓடினால் ஒன்றேகால் வாட்-மணிதான் செலவு. ஒரு சின்ன இன்வெர்ட்டர் போதும். கையால் சுற்றும் அரவை இருந்தால் அதுகூட வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் விளையாட்டாக அரைத்துத் தந்துவிடும்.

இரண்டாவது, சுடவைக்கும் வேலை. இதை நெருப்பிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு கிலோ கேஸில், பாதிக்கு மேல் காற்றில் வீணாய்ப் போனாலும், சுமார் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கடையில் விற்கும் 220 கிராம் சிறு கேஸ் டின் ஒன்றே பன்னிரண்டு லிட்டருக்குக் குறையாமல் கொதிக்க வைக்கும். அதாவது எண்பது டம்ளர் காப்பி! இரண்டு ஆள் தூக்க வேண்டிய பேட்டரிகளால் ஆகாததை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு டின் செய்துவிடுகிறது.

மூன்றாவது, வடிக்கும் வேலை. அதற்கு மின்சாரமே தேவையில்லை. தண்ணீர் தானாகக் கீழே இறங்கும்.

நாலாவது, சூடு காக்கும் வேலை. இதற்கு வீட்டுக் காப்பி இயந்திரங்களில் அடியில் ஒரு சூட்டுத்தட்டு இருக்கும். அது மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். காப்பியும் அதன்மேல் இருக்க இருக்கக் கசந்துபோகும். அந்த வேலைக்குப் பிளாஸ்க் இருக்கிறது. ஜேம்ஸ் டூவார் என்ற அறிஞர் 1892-ல் தமது ஆராய்ச்சிச் சாலைக்காகச் செய்த இரட்டைச் சுவர்க் குடுவைதான் இன்று நம் வீட்டுப் பிளாஸ்க். ஒரு பைசா மின்சாரம் இல்லாமல் சூட்டைக் கட்டிவைக்கும் பேட்டரி அது!

நம் துணிப்பையே முதல் தரம்

இனி, மின்சாரம் இல்லாமல் காப்பி வடிக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதலில் காப்பிக் கடைகளில் நாம் பார்த்துப் பழகிய துணிப்பை. கம்பி வளையத்தில் தைத்த பருத்திப் பை அது. நாலு டம்ளருக்கு எட்டு மேசைக்கரண்டித் தூள் போடுங்கள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் கசப்பைக் கிளப்பும். ஆறிய தண்ணீரில் சாரம் இறங்காது. 92 முதல் 96 டிகிரி வரை நல்ல பதம். பையை நாலு நிமிடம் நீரில் ஊறவிட்டு, ஒருமுறை தூக்கி வடித்து, வடித்த நீரையே மீண்டும் பையில் ஊற்றுங்கள். காப்பி கெட்டியாக, நல்ல நிறத்தோடு இறங்கும்.

புதுப் பையை முதலில் வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கஞ்சியைப் போக்க வேண்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவவே கூடாது. அந்த வாசனை பையை விட்டுப் போகாது. வண்டியில் தண்ணீரும் அளவோடுதான் இருக்கும் என்பதால், சக்கையை முதலில் ஒரு தாளில் தட்டிவிட்டு, பிறகு அரை டம்ளர் தண்ணீரில் அலசிக் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் பூசணம் பிடித்துவிடும்.

இரண்டாவது, தமிழகத்துப் பித்தளை பில்டர். இரண்டு அடுக்குப் பாத்திரம் அது. மேலடுக்கில் தூளைப் போட்டு மெல்ல அழுத்திச் சுடுநீர் ஊற்றினால், சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன் இறங்கும். வண்டிக்கு இது மிகப் பொருத்தம். ஏனென்றால், இரவு சமையலுக்கு அடுப்பு எரியும்போதே தண்ணீரை ஊற்றிவிட்டுப் படுத்துவிடலாம். காலையில் பாலைச் சுடவைத்துக் கலந்தால் போதும். ஆனால் வண்டி ஓடும்போது இதை வைக்கக்கூடாது. ஒரு வளைவில் கவிழ்ந்துவிடும்!

மூன்றாவது, இத்தாலி நாட்டு மோக்கா பாத்திரம். அல்போன்சோ பியாலெட்டி என்பவர் 1933-ல் கொண்டுவந்தது. அடியில் தண்ணீர், நடுவில் தூள், மேலே காலிப் பாத்திரம். அடுப்பில் வைத்தால் ஆவி கீழிருந்து தண்ணீரை உந்தித் தூளின் வழியாக மேலே ஏற்றும். தண்ணீர் அதன் பக்கத்தில் இருக்கும் சிறு பாதுகாப்புத் திறப்பைத் தாண்டக்கூடாது. தூளை அழுத்தக்கூடாது. தீ சின்னதாக இருக்க வேண்டும். ‘களகள’வென்று சத்தம் வந்ததும் இறக்கிவிடுங்கள். தண்ணீரும் கேஸும் மிகக் குறைவாகச் செலவாகும் முறை இது.

நாலாவது, தாள் வடிகட்டி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற ஓர் இல்லத்தரசி, காப்பியில் சக்கை கலப்பதைப் பொறுக்காமல், தம் மகனுடைய பள்ளி நோட்டுப் புத்தகத்து ஒற்றுத்தாளை எடுத்து, துளையிட்ட பாத்திரத்தில் வைத்து வடித்துப் பார்த்தார். 1908-ல் அதற்கு உரிமையும் பெற்றார். ஒரு தாயின் அடுக்களைச் சோதனை உலகமெங்கும் பரவியது! வண்டியில் இதற்கு ஒரு தனி நன்மை உண்டு. சக்கையைத் தாளோடு சுருட்டிக் குப்பையில் போட்டுவிடலாம். கழுவும் தண்ணீர் மிச்சம்.

ஐந்தாவது, நெருப்பே இல்லாத முறை. கொரகொரவென்று அரைத்த தூள் ஒரு பங்குக்குப் பச்சைத் தண்ணீர் எட்டுப் பங்கு எடையில் சேர்த்து, பன்னிரண்டு மணி நேரம் மூடிவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். கசப்பு குறைந்த காப்பி கிடைக்கும். குளிர்பெட்டியில் வைத்து ஊறவிடுவதே நல்லது. மதிய வெயிலில் கடற்கரையில் குடிக்க இதற்கு ஈடில்லை.

எந்தத் தூள், எந்தப் பால்?

எந்த முறையானாலும் தூள் நன்றாக இருக்க வேண்டும். நம் நாட்டில் ஜொகூர் பக்கம் விளைவது பெரும்பாலும் லிபேரிகா. பெரிய கொட்டை, தனி மணம். காப்பிக் கடைத் தூள் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. அதன் கருநிறமும் கெட்டித்தன்மையும் துணிப்பைக்குப் பொருந்தும். மோக்கா பாத்திரத்தில் அதைப் போட்டால் சீனிப்பிசின் துளைகளை அடைக்கும். அதற்குச் சீனி சேர்க்காத தூளே சரி.

நாம் காப்பிக்குப் புதியவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இலங்கையில் 1869-ல் தோன்றிய இலைத்துரு நோய் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்தது. மலாயாவிலும் ரப்பருக்கு முன்பு பல தோட்டங்களில் காப்பிதான் பயிரானது. 1890களில் பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்த பிறகே, ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டு நாட்டிலும் அந்தக் காப்பிச் செடிகளுக்கு மண் கொத்தியவர்களில் நம் முன்னோர்கள் இருந்தார்கள்.

பாலுக்கு வருவோம். பசும்பால் என்றால் குளிர்பெட்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்பெட்டி எவ்வளவு சாப்பிடும் என்று மேலே பார்த்தோம். டின் பாலுக்கு அந்தக் கவலை இல்லை. திறக்காத டின் வெளியிலேயே இருக்கும். சிறிய டின்னாக வாங்கி, திறந்ததும் மூடியுள்ள போத்தலில் மாற்றி, இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். மாவுப் பாலும் நல்லதே. குளிர்பெட்டியே இல்லாத வண்டியிலும் நல்ல பால் காப்பி குடிக்கலாம்!

பிளாஸ்க் செய்யும் உதவி

இரவு தங்கும் இடத்தில் மின் இணைப்பு கொடுத்தார்கள் என்றால், அப்போது மின்சாரக் கேத்தலைத் தாராளமாகப் போடுங்கள். அது ஆற்று மின்சாரம், உங்கள் தொட்டி அல்ல. கொதித்த நீரைப் பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள். முதலில் கொஞ்சம் சுடுநீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, பிறகு நிரப்பினால் சூடு கூடுதல் நேரம் நிற்கும்.

காலையில் அந்தத் தண்ணீர் 70 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காப்பிக்கு அந்தச் சூடு போதாது. ஆனால் அதை மறுபடி கொதிக்க வைக்க, பச்சைத் தண்ணீருக்கு ஆவதில் பாதிக்கும் குறைவான எரிபொருளே செலவாகும்.

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே கொதித்த பிறகு பொறுக்க வேண்டாம், உடனே ஊற்றலாம். ஊறும் நேரத்தை ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

உயிர் முக்கியம், காப்பி பிறகு!

தாய்மார்களே, இந்தப் பகுதியைக் கட்டாயம் படித்து, வண்டி ஓட்டும் பிள்ளைக்கும் படித்துக் காட்டுங்கள்.

நெருப்பிடம் வேலையைக் கொடுங்கள் என்று சொன்னேன். ஆனால் வீட்டு அடுக்களை வேறு, வண்டி வேறு. வண்டி ஒரு பெட்டி. அடைத்த பெட்டிக்குள் அடுப்பு எரிந்தால் காற்றிலுள்ள உயிர்வாயு குறையும். அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். காரில் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உறங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நாம் பத்திரிகையில் படித்திருக்கிறோம். அதே நச்சுதான் இதுவும்.

ஆகவே இவற்றை மனத்தில் வையுங்கள்:

1. மழை இல்லையென்றால் அடுப்பை வண்டிக்கு வெளியே வைத்தே காப்பி போடுங்கள். உள்ளே போட்டாக வேண்டுமென்றால் கதவையோ சன்னலையோ நன்றாகத் திறந்து வையுங்கள்.

2. கரி அடுப்பை எக்காரணம் கொண்டும் வண்டிக்குள் கொண்டுவராதீர்கள். அணைந்தது போலத் தெரியும் கரியும் நச்சுவாயுவை விட்டுக்கொண்டிருக்கும்.

3. மலையில் குளிர்கிறது என்று அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயாதீர்கள். அதற்குப் போர்வை இருக்கிறது.

4. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல், எல்லாரும் வெளியே இறங்கிக் கதவுகளைத் திறந்துவிடுங்கள்.

5. சிறு கேஸ் டின் அடுப்பின்மேல் அகன்ற சட்டியை வைக்காதீர்கள். சட்டியின் சூடு டின்னின் மேல் இறங்கினால் அது வெடித்துவிடும்.

6. வண்டி ஓடும்போது அடுப்பு எரியக்கூடாது. சிலிண்டரின் வாயும் மூடியிருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

7. கார்பன் மோனாக்சைடு இருந்தால் ஒலி எழுப்பும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. பெரிய இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் இதை வாங்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. வண்டியைக் கிளப்புகிற பேட்டரி வேறு, வீட்டு வேலைக்கான பேட்டரி வேறு என்று இரண்டு இருக்க வேண்டும். ஒரே பேட்டரியில் காப்பியும் போட்டு, விசிறியும் ஓட்டினால், காலையில் சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்ற சத்தம்தான் வரும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், கைக்குழந்தையோடு அப்படி நிற்பது சிறிய காரியமல்ல.

சூரியனிடம் கேட்கலாமா?

வண்டிக் கூரையில் சூரிய மின்தட்டு வைத்தால் கேத்தலை ஓட்டலாமா என்று சிலர் கேட்கலாம். 100 வாட் தட்டு ஒன்று, நம் நாட்டு நல்ல வெயில் நாளில் 300 முதல் 400 வாட்-மணி வரை தரும். அது குளிர்பெட்டிக்கே சரியாகப் போய்விடும். மழை நாளில் அதுவும் இல்லை. சூரியன் தருவதை விளக்குக்கும் விசிறிக்கும் தொலைபேசிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைகளை நெருப்பால் செய்ய முடியாது. தண்ணீர் சுடவைப்பதை நெருப்பால் செய்ய முடியும். ஆகவே எதற்கு எது என்று பிரித்துக் கொடுப்பதுதான் சிக்கனம்.

இந்தப் பிரிவினையை நம் பாட்டிமார்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்தார்கள். பல தோட்டங்களில் ஒரு காலத்தில் ஜெனரேட்டர் மாலையில் ஓடும், இரவில் நின்றுவிடும். லயத்து வீட்டில் வெளிச்சத்துக்கு மட்டும்தான் மின்சாரம். கொதிக்க வைக்க விறகு, வடிக்கத் துணி, அரைக்கக் கை. அந்தக் காப்பியின் மணம் ஒரு லயத்துக்கே எட்டியது. இன்று பல்லாயிரம் வெள்ளி போட்டு வீட்டு வண்டி செய்கிறவர்கள், கணக்கெல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் அந்த முறைக்கே வந்து சேருகிறார்கள்.

ஆகவே மகன் வண்டியோடு வாசலில் வந்து நிற்கும்போது, துணிப்பை ஒன்று, பிளாஸ்க் ஒன்று, கைப்பிடி நீண்ட ஒரு குவளை, தூள் டப்பா, இரண்டு சிறிய டின் பால், இவற்றைத் தயாராக வைத்திருங்கள். “கேத்தலை வீட்டில் வைத்துவிட்டு வா, தம்பி. கதவைத் திறந்து வை, காப்பி நான் போடுகிறேன்” என்று சொல்லுங்கள்.